பூட்டிய கணக்கிலிருந்து படம் எப்படி வெளியே போனது?

கேள்வி:

41 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், தளத்தின் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சமூக வலைதளம் ஒன்றில் பல ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கிறார். ப்ரொஃபைலைப் பூட்டியே வைத்திருக்கிறார். நண்பர்கள் சுமார் 300 பேர். பெரும்பாலும் உறவினர்கள், உடன் படித்தவர்கள். ஒரு நாள் காலையில் நாத்தனார் போன் செய்து, "அண்ணி, ராத்திரி அவசரம்னு கேட்டீங்களே, பணம் வந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். இவரோ யாரிடமும் பணம் கேட்கவில்லை. தேடிப் பார்த்தால் இவர் பெயரிலேயே இன்னொரு கணக்கு. அதில் இவருடைய முகப்புப் படம், குடும்பப் படங்கள் மூன்று, நண்பர்களாக உறவினர்கள் பலர். நாத்தனார் மட்டுமல்ல, சித்தப்பா ஒருவரும் பணம் அனுப்பி ஏமாந்திருக்கிறார்.

பதறிப்போய்க் கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றியிருக்கிறார். தளத்துக்குப் புகார் அனுப்பியதற்கு, "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பதில் வந்திருக்கிறது. "என் படங்களைப் பயன்படுத்த நான் அனுமதிக்கவில்லை" என்ற அறிவிப்பு ஒன்றைத் தோழி அனுப்ப, அதை அப்படியே தன் பக்கத்தில் போட்டிருக்கிறார். போலிக் கணக்கிலிருந்த படங்களில் ஒன்று இவருடைய பழைய முகப்புப் படம். இரண்டாவது, வீட்டு விசேஷத்தில் அண்ணி எடுத்தது. மூன்றாவதில் 15 வயது மகள் பள்ளிச் சீருடையில் பரிசு வாங்குகிறாள். "அதை நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்து, என் கணவரை டேக் செய்து போட்டேன். அப்படியிருக்க எப்படிப் போனது? சொந்தக்காரர் ஒருவர் மீது எனக்குச் சந்தேகம்" என்கிறார்.

கணவர், எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெளியே வரச் சொல்கிறார். மகளோ, "பிறந்ததிலிருந்து என் படத்தைப் போடறியே, ஒரு தடவையாவது என்னைக் கேட்டியாம்மா? எல்லாத்தையும் எடு" என்கிறாள். "15 வயதுப் பெண்ணுக்கு இதில் என்ன தெரியும்? நான் தாய்தானே, எனக்கு உரிமை இல்லையா? வழக்குப் போட முடியுமா? கணக்கை அழித்துவிடட்டுமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பணம். நாத்தனாரும் சித்தப்பாவும் தங்கள் வங்கிக்கோ பணம் அனுப்பிய செயலிக்கோ இன்னும் தகவல் சொல்லவில்லை என்றால், மீதியை அப்புறம் படியுங்கள். இப்போதே அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். ஏமாற்றி வாங்கிய பணம் ஒரு கணக்கில் அதிக நேரம் தங்குவதில்லை. அடுத்த கணக்குக்குப் போவதற்குள் வங்கி நிறுத்தி வைத்தால்தான் திரும்ப வர வாய்ப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் விடுவதுதான் இதில் பெரிய நஷ்டம். சித்தப்பா வயதில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது, உங்கள் கணக்கை யாரும் ஹேக் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். உள்ளே நுழைந்தவன் உங்கள் உண்மையான கணக்கிலிருந்தே பணம் கேட்டிருப்பான். புதிதாக ஒன்று தொடங்க அவனுக்கு என்ன அவசியம்? இது உங்களைப் பார்த்து நகல் எடுத்தது. அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. உங்கள் பெயர், உங்கள் படம், உங்கள் நண்பர்கள் யார் யார் என்ற பட்டியல், இந்த மூன்றும் போதும். கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றியதில் தவறில்லை. ஆனால் கசிவு அந்த வழியாக ஏற்படவில்லை.

பூட்டு என்பது உங்கள் பக்கத்துக்கு மட்டும்தான் என்பதை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். முகநூலை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். மற்ற தளங்களிலும் பெயர்கள் மாறுமே தவிர விஷயம் ஏறக்குறைய இதுதான். அங்கே உங்கள் பெயர், தற்போதைய முகப்புப் படம், மேலே வைக்கும் அட்டைப் படம் ஆகியவை எப்போதும் பொதுவில் இருப்பவை. பழைய முகப்புப் படங்களும் மறைக்காமல் விட்டிருந்தால் பொதுவில் இருந்திருக்கலாம். முதல் படம் கிடைத்தது அப்படித்தான் இருக்கும். இரண்டாவது படத்தை எடுத்தவர் உங்கள் அண்ணி. அவர் பக்கம் பொதுவில் திறந்திருந்தால், உங்கள் பூட்டுக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது படத்துக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "கணவரை டேக் செய்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பர்களுக்கு மட்டும் என்று போட்ட பதிவில் ஒருவரை டேக் செய்தால், அவருடைய நண்பர்களும் அதைப் பார்க்கலாம். மாற்றாமல் விட்டால் அமைப்பு அப்படித்தான் இருக்கும். உங்கள் 300 பேரோடு அவருடைய நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். அலுவலகத்தார், வாடிக்கையாளர்கள், எப்போதோ ஏற்றுக்கொண்ட முகம் தெரியாதவர்கள் என்று அதில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும். உங்கள் கணவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவருக்கும் இது தெரிந்திருக்காது.

ஆகவே அந்தச் சொந்தக்காரர் விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள். அவராகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அவர் பேரில் உங்களிடம் இருப்பது சந்தேகம் மட்டுமே. கணவரின் பட்டியலில் உள்ள யாரோ ஒருவராக இருக்கலாம். நண்பர் ஒருவரின் கணக்கு அவருக்கே தெரியாமல் வேறொருவர் கையில் இருக்கலாம். பாட்டி பெருமையோடு அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அங்கிருந்து கைமாறியிருக்கலாம். ஆதாரமில்லாமல் ஒருவர் பெயரைச் சொல்லிப் பொதுவில் எழுதிவிட்டால், அவதூறு வழக்கில் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். ஏமாந்தவரே எதிர்மனுதாரராக நிற்கும் வழக்குகளும் எங்களிடம் வருகின்றன. குடும்பம் உடைந்தால் நீதிமன்றத்தால் ஒட்டவைக்கவும் முடியாது.

போலிக் கணக்கை இறக்குவது

புகார் தள்ளுபடியானதால் சோர்ந்துபோக வேண்டாம். பலர் போலிக் கணக்கில் உள்ள ஒரு படத்தையோ பதிவையோ சுட்டிப் புகார் செய்கிறார்கள். படத்தில் ஆபாசமோ வன்முறையோ இல்லாதபோது, "விதிமீறல் இல்லை" என்றுதான் பதில் வரும். போலியின் ப்ரொஃபைல் பக்கத்துக்கே போய், புகார் பகுதியில் "வேறொருவர்போல் நடிக்கிறார்" என்பதையும், அந்த வேறொருவர் "நான்தான்" என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். போலி உங்களை முன்கூட்டியே தடை செய்திருந்தால் அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்போது நாத்தனார் தன் கணக்கிலிருந்து, "என் நண்பர்போல் நடிக்கிறார்" என்று புகார் தரலாம். மறுபடி மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். அடையாளச் சான்று கேட்டால் கொடுக்கலாம், ஆனால் அது தளத்தின் சொந்தப் படிவம்தான் என்று உறுதி செய்துகொண்டு கொடுங்கள். "உங்கள் போலிக் கணக்கை நீக்கித் தருகிறோம்" என்று உங்களைத் தேடிவந்து செய்தி அனுப்புகிறவர்களும் மோசடிக்காரர்கள்தான். முதல் ஏமாற்றுக்குப் பின்னாலேயே வரும் இரண்டாவது ஏமாற்று அது.

புகாருக்கு முன் ஆதாரம் எடுத்துவையுங்கள். போலிப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், உறவினர்களுக்கு வந்த செய்திகள், பணம் போன விவரம், எல்லாம் தேதி, நேரத்தோடு இருக்கட்டும். இவற்றைவிட முக்கியம் அந்தப் பக்கத்தின் இணைப்பு முகவரி. மேலே தெரியும் பெயரை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். காவல்துறை கேட்பது அந்த முகவரியைத்தான். போலியோடு உரையாடாதீர்கள், மிரட்டவும் வேண்டாம். உறவினர்களுக்கு இந்தத் தளம் வழியாகச் சொல்லாமல் போனிலோ நேரிலோ சொல்லுங்கள். அப்படியே இன்னொன்றும்: "தவறுதலாக உங்கள் போனுக்கு ஒரு ஆறு இலக்க எண் வந்திருக்கும், அனுப்புங்கள்" என்று யார் கேட்டாலும், உங்கள் பெயரிலேயே கேட்டாலும், கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் கணக்கைப் பறிப்பது அந்த எண்ணை வைத்துத்தான்.

வழக்குப் போடலாமா?

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. எங்கே இருந்தாலும் ஆள்மாறாட்டம் செய்து பணம் பறிப்பது குற்றம்தான். சட்டப் பிரிவுதான் வேறுபடும். இந்தியாவில் என்றால் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அடையாளத் திருட்டுக்கு 66சி, கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி. இரண்டிலும் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

யார் மீது வழக்கு என்பதுதான் சிக்கல். நட்ட ஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போட எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். போலிக் கணக்கை இயக்கியவன் எந்த இணைய இணைப்பிலிருந்து நுழைந்தான் என்ற பதிவு தளத்திடம் இருக்கும். அதை அவர்கள் உங்களிடம் தரமாட்டார்கள். காவல்துறை முறைப்படி கேட்டால் தருவார்கள். அதனால் உங்களுக்குக் குற்றப் புகார்தான் நடைமுறைக்கு ஏற்ற வழி. பணம் இழந்த இருவரும் தனித்தனியே புகார் தரட்டும், நீங்கள் ஆள்மாறாட்டத்துக்குத் தாருங்கள். தளத்தின் மீதே வழக்குப் போடுவதை நான் இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பிறர் பதிவேற்றியதற்காகத் தளங்களை நேரடியாகப் பொறுப்பாக்காமல் பல நாட்டுச் சட்டங்கள் பாதுகாக்கின்றன. தகவல் தெரிந்தும் நடவடிக்கை எடுக்காதபோதுதான் அந்தப் பாதுகாப்பு தளர்கிறது. எனவே எந்தத் தேதியில் புகார் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது என்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்பட்டால் அதுதான் உங்கள் பலம்.

நீங்கள் போட்ட அந்த அறிவிப்பை எடுத்துவிடலாம். அதனால் தீமையில்லை, பயனும் இல்லை. 2012 முதலே இதுபோன்ற வாசகங்கள் ஊர் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சிலவற்றில் ரோம் சாசனம் என்றெல்லாம் வரும். அது போர்க்குற்றங்களையும் இனப்படுகொலையையும் விசாரிக்கப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தம். உங்கள் படத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கணக்குத் தொடங்கும்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தினோமே, அதுதான் ஒப்பந்தம். அதன்படி படம் உங்களுடையதுதான். அதைக் காட்டவும் நகலெடுக்கவும் உலகம் முழுக்கப் பயன்படுத்தவும் கட்டணமில்லாத உரிமத்தைத் தளத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் எதை எழுதி ஒட்டினாலும் அது மாறாது. படத்தை நீக்கினால்தான் அந்த உரிமம் முடிகிறது. போலிக் கணக்கு நடத்துகிறவன் அறிவிப்பைப் படித்துப் பயப்படப்போவதும் இல்லை.

மகளின் கேள்வி

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். பணம் பற்றிய வருத்தம் சில மாதங்களில் ஆறிவிடும். இது உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ரொம்ப நாளாக இருந்து, இப்போது வாய் திறந்திருக்கிறது.

"தாய்க்கு உரிமை இல்லையா" என்று கேட்கிறீர்கள். பெற்றோருக்கு இருப்பது பிள்ளையின் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பு. பிள்ளை வளர வளர அந்தப் பொறுப்பில் அவளுக்கும் பங்கு கூடுகிறது. சட்டமும் அந்தத் திசையில்தான் போகிறது. 1989இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு குழந்தைக்கும் தனியுரிமை உண்டு என்கிறது. பிரான்ஸ் 2024 பிப்ரவரியில் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது: பிள்ளையின் படத்தின் மீதான உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று. நெதர்லாந்தில் 2020இல் ஒரு பாட்டி, பேரப்பிள்ளைகளின் படங்களை முகநூலிலும் பின்ட்ரெஸ்டிலும் போட்டிருந்தார். பிள்ளைகளின் தாய் எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. தாய் நீதிமன்றம் போனார். எடுக்காவிட்டால் நாளொன்றுக்கு 50 யூரோ அபராதம் என்று தீர்ப்பானது. "குடும்ப விஷயம்தானே" என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இணையத்தில் போட்ட பிறகு அது யார் யாரிடம் போகும் என்று சொல்ல முடியாது என்பதுதான் காரணம்.

உங்கள் மகள் நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை. அவள் கேட்பது சட்டத்துக்கும் புரிகிற கேள்வி என்று காட்டத்தான் இதைச் சொன்னேன். "15 வயதுக்கு என்ன தெரியும்" என்ற இடத்தில் உங்களோடு நான் முரண்படுகிறேன். டேக் செய்தால் யார் யார் பார்ப்பார்கள் என்பதை நம் மூவரில் அவள்தான் முதலில் சொல்லியிருப்பாள். தொட்டிலில் கிடந்த படம், மொட்டையடித்த படம், அழுது அடம்பிடித்த படம் எல்லாம் உங்களுக்கு நினைவுகள். வகுப்பில் ஒருவன் அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்தால் அவளுக்கு அது வேறு.

அந்தப் பரிசுப் படத்தையே அந்நியர் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். சீருடை எந்தப் பள்ளி என்று சொல்கிறது. சான்றிதழில் முழுப் பெயர், வகுப்பு. நீங்கள் ஆண்டுதோறும் போடும் பிறந்தநாள் வாழ்த்து தேதியைச் சொல்கிறது. தாத்தா, மாமா என்று டேக் செய்ததில் தாய்வழிக் குடும்பப் பெயர். ஒரு சிறுமி வாரத்தில் ஐந்து நாள் எந்த நேரத்தில் எங்கே இருப்பாள் என்பது ஒரே படத்தில் கிடைக்கிறது. பின்னாளில் வங்கியோ வேறு நிறுவனமோ "அடையாளத்தைச் சரிபார்க்கிறோம்" என்று கேட்கும் பல கேள்விகளுக்கு விடையும் கிடைக்கிறது. அவளுக்கு வாக்குரிமை வருவதற்கு முன்பே அவளுடைய கோப்பு ஒன்று வெளியே தயாராக இருக்கிறது. தயாரித்தது அன்பினால்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

என்ன செய்யலாம்? ஒரு விடுமுறை நாளில் இருவரும் சேர்ந்து உட்காருங்கள். முகநூலில் பழைய பதிவுகளை மொத்தமாக எடுத்து மறைக்கவோ குப்பைக்கு அனுப்பவோ வசதி இருக்கிறது; குப்பைக்குப் போனது 30 நாளில் அழியும். எதை நீக்குவது, எதை "எனக்கு மட்டும்" என்று வைப்பது, எதை அப்படியே விடுவது என்று அவள் சொல்லட்டும். அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் கணினியிலோ தனி வட்டிலோ சேமித்துவிடுங்கள். நினைவுகள் உங்களுடையவை, அவை எங்கும் போக வேண்டியதில்லை. பாட்டி, அண்ணி பக்கங்களில் உள்ளவற்றை நீங்கள்தான் கேட்டு எடுக்கவைக்க வேண்டும். டேக்கை மட்டும் நீக்கினால் படம் அங்கேயே இருக்கும். இனிமேல் போடுவதற்கு முன் அவளைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: அந்தப் போலிக் கணக்கிலிருந்தோ வேறு அந்நியரிடமிருந்தோ அவளுக்கு ஏதாவது செய்தி வந்ததா? திடீரென்று "எல்லாத்தையும் எடு" என்று ஒரு பெண் சொன்னால், பின்னால் ஏதாவது இருக்கக்கூடும். இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கேட்கும்போதே, "என்ன சொன்னாலும் உன் போனைப் பிடுங்க மாட்டேன்" என்றும் சொல்லிவிடுங்கள். போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். அப்படி யாராவது அவள் படத்தை ஆபாசமாக மாற்றி மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். காவல்துறைக்குச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 2023 முதல் "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது; பெரியவர்களுக்கு 2021இல் தொடங்கிய "ஸ்டாப்என்சிஐஐ". படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கருவியிலேயே படத்திலிருந்து ஒரு எண் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு, எடுக்கப்படும். சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்து அதே படத்தை அடையாளம் கண்டு நீக்கும்.

எந்த அமைப்புகளை மாற்றுவது

நண்பர் பட்டியல்: முதலில் இதை மறையுங்கள். "எனக்கு மட்டும்" என்று வையுங்கள். போலிக்காரனுக்கு உங்கள் படத்தைவிட இந்தப் பட்டியல்தான் பெரிய லாபம், ஏனென்றால் யாரிடம் பணம் கேட்பது என்று அதுதான் சொல்கிறது. முழுதாக மறையாது, பொது நண்பர்கள் தெரிவார்கள். தங்கள் பட்டியலைத் திறந்து வைத்திருப்பவர்களின் பக்கத்திலும் நீங்கள் தெரிவீர்கள். ஆகவே நெருங்கிய உறவினர்களையும் மறைக்கச் சொல்லுங்கள்.

டேக்: உங்களை யாராவது டேக் செய்தால் உங்கள் அனுமதிக்குப் பிறகே உங்கள் பக்கத்தில் வரும்படி வையுங்கள். டேக் செய்யும்போது தன் நண்பர்கள் சேராமல் இருக்க, உங்கள் கணவர் தன் அமைப்பில் போய் அதை "எனக்கு மட்டும்" என்று மாற்ற வேண்டும். அது உங்கள் கையில் இல்லை, அவர் கையில்தான் இருக்கிறது.

தொலைபேசி எண்: எண்ணை வைத்து உங்களைத் தேடும் வசதியை நிறுத்துங்கள். செயலி உங்கள் தொடர்பு எண்களை ஏற்றிக்கொள்ள அனுமதித்திருந்தால் அதையும் நிறுத்தி, ஏற்றியதை நீக்குங்கள்.

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம்போலத் தெரியும். 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் அதிகமான முகநூல் பயனர்களின் விவரங்கள், அவர்களுடைய தொலைபேசி எண்களோடு, வெளியாகின. எவரும் கடவுச்சொல்லை உடைக்கவில்லை. எண்ணைக் கொடுத்தால் ஆளைக் காட்டும் அந்தத் தேடல் வசதியில், எண்களை அடுக்கடுக்காகப் போட்டு உறிஞ்சியிருந்தார்கள். 2022 நவம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதற்கு முன்னர் வெடித்த, கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் நினைவிருக்கலாம். ஒரு ஆளுமைத் தேர்வுச் செயலியை நிறுவியவர்கள் சுமார் 3 லட்சம் பேர்தான். விவரம் போனது 8.7 கோடிப் பேர் வரை என்று முகநூல் நிறுவனமே 2018இல் ஒப்புக்கொண்டது. மீதிப் பேர் எந்தத் தேர்வும் எழுதவில்லை, எதையும் அழுத்தவில்லை. அழுத்தியவர்களின் நண்பர்களாக இருந்தார்கள், அவ்வளவே. "நான் பூட்டித்தானே வைத்திருந்தேன்" என்று நீங்கள் கேட்பதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. உங்கள் தகவலில் பாதி மற்றவர்கள் கைபேசியில் இருக்கிறது. அண்ணி, கணவர், நாத்தனார் இவர்களோடு சேர்ந்து மாற்றினால்தான் மாறும்.

கடவுச்சொல் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றை வைத்து, இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதி) போட்டுவிட்டு, அதற்கு மேல் தினமும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். "உங்கள் முதல் ஆசிரியர் பெயர் என்ன, வளர்த்த நாயின் பெயர் என்ன" என்று கேட்கும் விளையாட்டுப் பதிவுகளில் மட்டும் பதில் போடாதீர்கள். கணக்கை மீட்கும்போது கேட்கப்படும் கேள்விகளும் அவைதான்.

கணக்கை அழிக்கலாமா?

உங்கள் கணவரின் கோபம் நியாயமானது. ஆனால் இப்போது அழிக்காதீர்கள். போலி இருக்கும்போது உண்மையை அழித்தால், அந்தத் தளத்தில் மிஞ்சுகிற "நீங்கள்" அவன்தான். ஆள்மாறாட்டப் புகாரில் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கணக்கு இருப்பது உங்களுக்குச் சாதகம். உறவினர்களும் எது பழையது, எது புதியது என்று பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்கிறார்கள். போலி இறங்கட்டும், காவல்துறைப் புகார் எண் கையில் வரட்டும். அதன் பிறகு அழிப்பதா இருப்பதா என்று நிதானமாக முடிவு செய்யுங்கள்.

அழித்தால் எல்லாம் போய்விடும் என்றும் எண்ண வேண்டாம். நீங்கள் அனுப்பிய செய்திகள் பெற்றவர்களிடம் இருக்கும். அண்ணி பக்கத்தில் உள்ள படம் அங்கேயே இருக்கும். பொதுவில் இருந்ததை ஏற்கெனவே வேறு நிறுவனங்கள் உறிஞ்சி வைத்திருந்தால் அதுவும் திரும்பாது. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும் அழிக்கக் கோரவும் உரிமை உண்டு. வேறு பல நாடுகளிலும் இப்படிச் சட்டங்கள் வந்துவிட்டன. இந்தியாவில் 2023இல் நிறைவேறியது. கேட்பதற்கு உரிமை இருக்கிறது, ஆனால் யாரிடமெல்லாம் கேட்பது என்று தெரிந்தால்தானே.

அழிப்பதானால், கைபேசியிலிருந்து செயலியைத் தூக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். செயலி போனாலும் கணக்கு இருக்கும். "தற்காலிகமாக முடக்கு" என்பதும் அழிப்பது இல்லை; மறுபடி நுழைந்தால் எழுந்துவிடும். "நிரந்தரமாக நீக்கு" என்று தனியாக இருக்கும். முகநூலில் அதை அழுத்திய பிறகு மனம் மாற 30 நாள் தருவார்கள், அதற்குப் பிறகு அவர்களுடைய சேமிப்பிலிருந்து முழுக்கப் போக 90 நாள் வரை ஆகலாம். அழுத்துவதற்கு முன் உங்கள் தகவல் முழுவதையும் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். கூடவே, வேறு எந்தெந்தச் செயலிகளில் இந்தக் கணக்கை வைத்து நுழைகிறீர்கள் என்று அமைப்புகளில் ஒரு பட்டியல் இருக்கும். அவை ஒவ்வொன்றிலும் மின்னஞ்சலையும் தனிக் கடவுச்சொல்லையும் முதலில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் இதை நீக்கிய மறுநாள் அவற்றுக்குள் நுழைய வழியில்லாமல் நிற்பீர்கள்.